பேதுரு நீட்டிய கால்

(தவக்கால வானொலி மறையுரை)



இந்த நேரத்தில் வீட்டில் கட்டிலில் படுத்தபடியே இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் நோயாளர்களுக்கு என் தனிப்பட்ட வணக்கம். இன்று உங்களைப் பற்றியும், உங்களைக் கவனித்துக்கொள்கிறவர்களைப் பற்றியும்தான் பேசப்போகிறேன். சில மாதங்களுக்கு முன் நானும் உங்களைப் போலவே படுத்திருந்தேன்.

கடந்த நவம்பர் மாதம். நல்ல மழை. காலைத் திருப்பலி முடிந்து கோவில் படியில் இறங்கும்போது வழுக்கி விழுந்தேன். மூன்றே படிகள்தான். கணுக்கால், எங்கள் பக்கத்தில் கரண்டைக்கால் என்போம், இரண்டு பக்கமும் முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்து பிளேட்டும் ஸ்குரூவும் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர், "ஆறு வாரம் இந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது, ஃபாதர். எலும்பு கூடுவதற்கு நாம் செய்யக்கூடியது காத்திருப்பதுதான்" என்றார்.

என் அறை பங்கு இல்லத்தின் மாடியில் இருக்கிறது. படியேற வழியில்லை. ஆகவே தங்கை வீட்டுக்குப் போனேன். குருமடத்தில் சேர்ந்த நாளிலிருந்து விடுமுறைக்கு வந்து போகிறவனாகவே இருந்த நான், அந்த வீட்டில் ஆறு வாரம் படுத்திருந்தேன்.

முதல் இரண்டு வாரம் காலை நெஞ்சின் மட்டத்துக்கு மேலே தலையணை வைத்து உயர்த்தியே வைத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் தொங்கவிட்டாலும் வீங்கிவிடும். குளிக்க வேண்டுமானால் கட்டின் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கட்டி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்திவைத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பிறகு வாக்கர் கொடுத்தார்கள். ஒற்றைக் காலால் தத்தித் தத்திப் போகலாம். ஆனால் வாக்கரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும் அல்லவா? அப்போதுதான் ஒன்று புரிந்தது. அடுப்படியிலிருந்து ஒரு டம்ளர் காப்பியை என்னால் என் நாற்காலிவரை எடுத்துவர முடியாது. இத்தனை ஆண்டுகள் திருக்கிண்ணத்தை ஏந்திய கைகள்தான்.

அன்பார்ந்தவர்களே, வலியை எப்படியோ தாங்கிக்கொண்டேன். கேட்பதுதான் எனக்கு வரவில்லை. தண்ணீர் கேட்க வேண்டும், துண்டு கேட்க வேண்டும், கழிப்பறைக்குப் போகத் துணை கேட்க வேண்டும். குருவானவரின் வாழ்க்கை கொடுக்கிற வாழ்க்கை என்று பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். வாங்குகிற வாழ்க்கையைப் பற்றி நான் எதையும் அறிந்திருக்கவில்லை.

மூன்றாவது வாரம் ஓர் இரவு. மணி இரண்டு இருக்கும். கழிப்பறைக்குப் போக வேண்டும். தங்கை பகல் முழுவதும் உழைத்துவிட்டு அப்போதுதான் படுத்திருந்தாள். அவளை எழுப்புவானேன் என்று விளக்கையும் போடாமல் நானே வாக்கரைப் பிடித்து எழுந்தேன். வாசற்படியில் வாக்கரின் கால் தட்டியது. விழுந்துவிட்டேன். முறிந்த காலும் தரையில் மோதியது. வீடே எழுந்து ஓடிவந்தது.

மறுநாள் எக்ஸ்ரே எடுத்தார்கள். பிளேட் அசையவில்லை. இறைவனுக்கு நன்றி. திரும்பி வந்து படுக்கவைத்த பிறகு தங்கை கேட்டாள்: "ஏண்ணே, ஒரு குரல் கொடுத்தா நான் வந்திருக்க மாட்டேனா?"

"உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான்மா" என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. "அம்மா ரெண்டு வருசம் படுத்த படுக்கையா கிடந்தாங்க. ஒரு நாளும் தொந்தரவுன்னு சொல்லலை. கூப்பிடுவாங்க, நான் வருவேன். நீங்க சாமியாராப் போயிட்டீங்க. உங்களுக்குன்னு செய்ய எனக்கு ஒண்ணும் வாய்க்கலை. இப்பதான் வாய்ச்சிருக்கு. அதையும் செய்ய விடமாட்டேங்கிறீங்க."

அன்று பகல் முழுவதும் அம்மாவின் அந்த இரண்டு ஆண்டுகளை நினைத்துப்பார்த்தேன். மாதம் ஒரு முறை போவேன். அம்மாவுக்கு நற்கருணை கொடுப்பேன், நெற்றியில் சிலுவை வரைவேன், காப்பி குடித்துவிட்டுப் புறப்படுவேன். அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்தது யார், முதுகில் புண் வராமல் பார்த்துக்கொண்டது யார், இரவில் எத்தனை முறை எழுந்தது யார் என்று நான் கேட்டதில்லை. அடக்கத் திருப்பலியில் அம்மாவைப் பற்றி நன்றாகப் பேசினேன் என்று எல்லாரும் சொன்னார்கள். தங்கையைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொன்னேனா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

அடுத்த நாள் இரவு மறுபடியும் அதே நேரம். வாயைத் திறக்க எனக்கு வெகு நேரம் ஆயிற்று. பிறகு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். வந்தாள்.

சகோதர சகோதரிகளே, இறுதி இராவுணவின்போது ஆண்டவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலடிகளைக் கழுவியதை யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பேதுருவிடம் வந்தபோது அவர் மறுத்துவிட்டார். என் காலை நீர் ஒருபோதும் கழுவ விடமாட்டேன் என்கிறார். கேட்பதற்கு அது தாழ்ச்சி போலவே இருக்கிறது. நாமாக இருந்தால் எவ்வளவு பணிவான மனிதர் என்று பாராட்டியிருப்போம். ஆனால் இயேசு பாராட்டவில்லை. நான் உன்னைக் கழுவாவிட்டால் உனக்கு என்னோடு பங்கில்லை என்று சொல்லிவிடுகிறார். எவ்வளவு கடுமையான வார்த்தை! யாரையும் சிரமப்படுத்தக் கூடாது என்று நாம் சொல்வதற்குள்ளே, யாருக்கும் கடன்படக் கூடாது என்ற பெருமையும் ஒளிந்திருக்கலாம். அன்று இரவு நான் வாக்கரைப் பிடித்து எழுந்தது தங்கையின் தூக்கத்துக்காக மட்டும் அல்ல. என் மதிப்புக்காகவும்தான்.

பேதுரு கடைசியில் காலை நீட்டினார். அதன் பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். திருத்தூதர் பணிகள் நூல் 3ஆம் அதிகாரத்தில், கோவிலின் அழகுவாயில் என்ற இடத்தில் பிறவியிலேயே கால் ஊனமுற்ற ஒருவரைக் காண்கிறோம். நாற்பது வயதைக் கடந்தவர். ஒவ்வொரு நாளும் யாரோ அவரைத் தூக்கிவந்து அங்கே வைக்கிறார்கள். தம்மிடம் வெள்ளியும் பொன்னும் இல்லை என்று சொல்லும் பேதுரு, இயேசுவின் பெயரால் நடக்கச் சொல்லி, அவருடைய வலக்கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார். உடனே அந்த மனிதரின் காலடிகளும் கணுக்கால்களும் உறுதி பெற்றன என்று லூக்கா எழுதுகிறார். எத்தனையோ முறை இந்தப் பகுதியைத் திருப்பலியில் வாசித்திருக்கிறேன். கணுக்கால் என்ற சொல் அங்கே இருப்பதைப் படுக்கையில் இருந்தபோதுதான் கவனித்தேன். தம் காலை ஆண்டவரின் கையில் கொடுத்த அந்தப் பேதுருதான், இங்கே இன்னொருவரின் கால் உறுதிபெறத் தம் கையைக் கொடுக்கிறார்.

அந்த மனிதர் துள்ளிக் குதித்துக் கோவிலுக்குள் போனார். நமக்கு அப்படி உடனே நடப்பதில்லை. ஆறு வாரம் கழித்துக் கட்டை முழுவதும் எடுத்தபோது என் கெண்டைக்கால் சதை வற்றிப்போயிருந்தது. பாதம் வேறு யாருடையதோ போலத் தெரிந்தது. தரையில் வைக்கவே பயந்தேன். இப்போதும் மாலையானால் வீங்குகிறது. எலும்பை மெதுவாகக் கூடவைக்கிறவரும் அதே ஆண்டவர்தான்.

நம் திரு அவையின் பெரிய புனிதர் ஒருவரும் இப்படிப் படுத்திருந்தார். 1521ஆம் ஆண்டு மே மாதம், ஸ்பெயின் நாட்டின் பாம்பலோனா கோட்டையில் நடந்த சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டு இனிகோ என்ற வீரரின் கால் முறிந்தது. லொயோலாவில் இருந்த அண்ணன் வீட்டுக்குத் தூக்கிச் சென்றார்கள். எலும்பு சரியாகச் சேராததால், மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்தில், மறுபடியும் முறித்துச் சேர்த்தார்கள். சாகும் நிலைக்குப் போனவர், புனிதர்கள் பேதுரு, பவுல் திருநாளுக்கு முந்தின இரவிலிருந்து தேறத் தொடங்கினார். மாதக்கணக்காக அந்த வீட்டில் படுத்திருந்தபோது வீரக்கதைப் புத்தகங்கள் கேட்டார். வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான் இருந்தன. அவற்றைக் கொடுத்தார்கள். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் மனமாற்றம் போர்க்களத்தில் அல்ல, அண்ணன் வீட்டுக் கட்டிலில் தொடங்கியது. அவர் கேட்டது கிடைக்கவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டார்.

அன்பார்ந்தவர்களே, அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். கேளுங்கள். சொல்லாமல் தாங்கிக்கொள்வது புண்ணியம் அல்ல. கால் விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ, காயத்தில் சீழ் வைத்தாலோ, கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் கண்டாலோ, வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லி மருத்துவரிடம் போங்கள். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கவே வேண்டாம். நள்ளிரவானாலும் எழுப்புங்கள். திருப்பலிக்குப் போக முடியவில்லையே என்று மனம் வருந்தாதீர்கள். நோயால் வர இயலாதவர்களுக்கு ஞாயிறு கடன் பாவமாகாது. பங்குத்தந்தைக்குச் சொல்லி அனுப்புங்கள், ஆண்டவர் உங்கள் வீட்டுக்கு வருவார்.

நோயாளரைக் கவனித்துக்கொள்கிறவர்களே, உங்களுக்கும் ஒரு செய்தி. நற்கருணை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் உண்ணா நோன்பு இருக்கிறோம். முதியோருக்கும் நோயாளருக்கும் திரு அவைச் சட்டம் இதிலிருந்து விலக்குத் தருகிறது. அதே வரியில் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் விலக்குத் தருகிறது. நோயாளருக்குக் கஞ்சி கொடுத்த கையோடு நீங்களும் ஒரு வாய் குடித்திருந்தால், அதற்காக நற்கருணையை விட்டுவிட வேண்டாம். தாயாகிய திரு அவை உங்களை மறக்கவில்லை. மறந்தது என்னைப் போன்றவர்கள்தான்.

நோயாளரைச் சந்திக்கச் செல்லும் அன்பிய உறுப்பினர்களுக்கும், மரியாயின் சேனையினருக்கும், வின்சென்ட் தே பவுல் சபையினருக்கும் ஒரு வேண்டுகோள். செபம் சொன்ன பிறகு பத்து நிமிடம் கூடுதலாக இருங்கள். வீட்டில் கவனித்துக்கொள்கிறவரிடம், "நீங்கள் கொஞ்சம் படுங்கள், அதுவரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிப்பாருங்கள். பழம் வாங்கிக்கொண்டு போவதைவிட அது பெரிய உதவி.

நடக்கப் பழக்கிய பிசியோதெரபிஸ்ட் எனக்கு ஒரு விதி சொல்லித்தந்தார். படியேறும்போது நல்ல கால் முதலில் போக வேண்டும். இறங்கும்போது முறிந்த கால் முதலில் போக வேண்டும். இரண்டிலும் பாரம் நல்ல காலின் மேல்தான். நல்ல கால் ஒரு நாளும் முறுமுறுத்ததாக நான் கேட்கவில்லை. ஓர் உறுப்பு துன்புற்றால் எல்லா உறுப்புகளும் சேர்ந்து துன்புறும் என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியதன் பொருளை அந்தப் படிக்கட்டில் கற்றுக்கொண்டேன்.

பெரிய வியாழன் நெருங்கி வருகிறது. காலடி கழுவும் சடங்கில் வழக்கமாக நாம் குருவானவரைத்தான் பார்ப்போம். இந்த ஆண்டு, உட்கார்ந்து காலை நீட்டுகிறவர்களையும் பாருங்கள். 2016ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் வழிசெய்தபடி பெண்களும் அதில் பங்கேற்கிறார்கள். எங்கள் பங்கில் இம்முறை வீட்டில் நோயாளரைப் பராமரிக்கும் சிலரை அழைத்திருக்கிறேன். முழந்தாளிட்டு எழுவதற்கு எனக்கு இன்னும் ஒரு கை பிடிக்க வேண்டும். பீடச் சிறுவன் ஒருவனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் கேட்க எனக்குக் கூச்சம் இல்லை.

என் தங்கையையும் வரச் சொன்னேன். "போங்கண்ணே, பித்தவெடிப்பு வந்த காலு. நீங்களா என் காலைக் கழுவுறது?" என்றாள். பேதுரு கேட்ட அதே கேள்வி. அவருக்கு ஆண்டவர் சொன்ன பதிலை அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். வருவாள் என்று நம்புகிறேன்.

மன்றாடுவோம்: அன்பின் ஆண்டவரே, கட்டிலில் இருப்பவர்களுக்குக் கேட்கும் தாழ்ச்சியையும், அருகில் இருப்பவர்களுக்குச் சோர்வில்லாத மனத்தையும், தூரத்தில் இருக்கும் எங்களுக்கு அவர்களை நினைக்கும் நெஞ்சத்தையும் தாரும். எங்கள் காலடிகளை உமது கையில் ஒப்படைக்கிறோம். ஆமென்.