பழுதும் ஒரு பாடமே



எங்கள் பள்ளியில் மரப்பலகையில் எழுத்தும் உருவமும் செதுக்கும் சிறிய கணினி இயந்திரம் உள்ளது. அதன் ஒரு மோட்டார் சுழலாமல் அதிர்ந்துகொண்டே நின்றது. புது மோட்டார் வாங்கலாம் என்றார்கள். பழுது எங்கே என்று கண்டுபிடிக்கும் வேலையை ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் கொடுத்தேன்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன்: மின்சாரத்தை நிறுத்தாமல் இணைப்பைக் கழற்றக் கூடாது, மோட்டாரை இயக்கும் டிரைவர் கருகிவிடக்கூடும்.

இரண்டு மோட்டார்களின் இணைப்புகளை டிரைவர் பக்கம் இடம் மாற்றிச் செருகினார்கள். அப்போதும் அதே மோட்டார்தான் அதிர்ந்தது. ஆகவே டிரைவரில் குறையில்லை. பழுது மோட்டாரில் அல்லது அதன் கம்பியில். இந்த ஸ்டெப்பர் மோட்டாரில் 4 கம்பிகள், 2 சுருள்கள். மல்டிமீட்டர் வைத்தபோது ஒரு சுருள் சில ஓம் காட்டியது. மற்றதில் இணைப்பே இல்லை. கம்பியை அசைத்தால் அளவு வந்து வந்து போனது. ஓயாமல் மடங்கியதில் உறைக்குள்ளேயே கம்பி அறுந்திருந்தது. கம்பியை மட்டும் மாற்றினோம், மோட்டார் சுழன்றது.

மின்சுற்று முழுமையாக இருந்தால்தான் மின்னோட்டம் பாயும் என்று தேர்வில் எழுதிய பிள்ளைகள், அன்று அதைக் கையால் அறிந்தார்கள். பழுதான கருவியை அலமாரியில் பூட்டிவிடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதிக்கச் சொல்லி, உடனிருந்து, அவர்களிடம் கொடுங்கள்.