டீச்சராகப் போகிற பிள்ளை சொன்னது

(பெற்றோர் கூட்டமொன்றில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு லயத்துக்குக்கூடப் போகாமல் வந்திருக்கிறீர்கள். நிறையப் பேர் கூடையோடுதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகையால் நீட்டிப் பேச மாட்டேன்.

போன மாதம் நம் மேல் டிவிஷன் பிள்ளை ஒருத்தி ஒரு கடிதம் வாங்க ஆபீசுக்கு வந்தாள். கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவாகியிருக்கிறாள். படித்து முடித்தால் டீச்சர். "இப்ப எல்லாம் போன், கம்பியூட்டர்னு ஆயிருச்சே, நீ டீச்சரானா அதெல்லாம் வச்சுத்தானே பாடம் நடத்துவ?" என்று சும்மா கேட்டேன். பெருமையாக ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, தன் தம்பியைப் பற்றிச் சொன்னாள்.

2020 மார்ச் 13ஆம் திகதி கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டிவியில் 'குரு கெதர' பாடம் போட்டார்கள். மற்றதெல்லாம் வாட்ஸ்அப்பில், சூமில். லயத்துக்குள் சிக்னல் இல்லை. பிள்ளைகள் கோயிலுக்கு மேலே பாறையில் ஏறி, மழையிலும் அட்டைக் கடியிலும் உட்கார்ந்து படித்தார்கள். அன்றைக்கு அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். அதில் அரிசி, மா வாங்கி, மிச்சத்தில் ரீலோட் போட்டீர்கள். அந்தக் கஷ்டத்தை நான் கண்ணால் கண்டவன்.

அவள் அப்போது உயர்தரம், தம்பி ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் ஒரே ஒரு போன். "அக்காவுக்குப் பரீட்சை வருது, அவ படிக்கட்டும்" என்று அம்மா சொல்லிவிட்டார். வேறு எந்த அம்மாவாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். அந்த 2021ஆம் ஆண்டுப் பரீட்சையே 2022 பெப்ரவரியில்தான் நடந்தது. அதுவரைக்கும் போன் அவள் கையில். பள்ளிக்கூடம் திறந்தபோது தம்பிக்குப் பாடம் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு வாரம் போனான், பிறகு கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். "நான் டீச்சராகிறேன் சேர், அவன் மூட்டை தூக்குறான்" என்றாள். எனக்கு வாய் திறக்க முடியவில்லை.

அதனால் அவள் ஒரு முடிவு வைத்திருக்கிறாள். எந்தப் பாடமாக இருந்தாலும், போன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது எப்படிப் போய்ச் சேரும் என்று முதலில் பார்ப்பாளாம். அந்தப் பிள்ளைக்கு வழி இல்லையென்றால் அந்த மாதிரிப் பாடத்தை வைக்க மாட்டாளாம்.

அதற்காகப் போனே வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை. செடி முளைக்கிறதை ஏன் படத்தில் காட்டணும், தேயிலைத் தவறணைக்குக் கூட்டிப் போய்க் காட்டலாமே என்கிறாள். ஆனால் கடலையே பார்க்காத பிள்ளைகள் நம்மிடம் எத்தனை பேர்! நெஞ்சுக்குள் இருதயம் துடிப்பதை யார் பார்த்தோம்? அதையெல்லாம் டீச்சரின் ஒரு போனை வைத்தே முழு வகுப்புக்கும் காட்டலாம். சிங்களம் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத இடத்தில், சரியாகப் பேசுகிற ஒருவரின் குரலைப் பதிந்து திரும்பத் திரும்பப் போடலாம். வாசிக்கத் திணறுகிற பிள்ளையின் குரலைப் பதிந்து அதற்கே போட்டுக் காட்டினால் தன் பிழை தனக்கே கேட்கும். இதை நான் வீட்டில் என் மகனுக்குச் செய்து பார்த்தேன். முதலில் சிரித்தான். பிறகு தானே "இன்னொருக்கா வாசிக்கிறேன்" என்றான்.

சாமான் மட்டும் வந்தால் போதாது என்பதற்கு நானும் ஒன்று சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கம்பியூட்டர்கள் கொண்டுபோய் இறக்கினோம். மாலை போட்டு, படம் எடுத்து, பால்சோறும் சாப்பிட்டோம். ஒரு வருடம் கழித்துப் போனால் துணி மூடியபடியே இருக்கிறது. பழுதாகிவிடுமே என்று பூட்டி வைத்தார்களாம். யாராவது படித்துக் கொடுக்க இருக்கிறார்களா என்று இறக்கும்போது நாங்களும் கேட்கவில்லை. தப்பு எங்களுடையதும்தான்.

இப்போதும் வீட்டுப் பாடம், வகுப்பு நேரம் எல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது. அப்பா போனைக் கொண்டு டவுனுக்குப் போய்விட்டால் பிள்ளைக்குச் செய்தி தெரியாது. அடுத்த நாள் வகுப்பில் எழுந்து நிற்கிறது. இதற்கு அந்தப் பிள்ளை ஒரு யோசனை சொன்னாள். டிவிஷனுக்கு ஒரு கரும்பலகை வைத்து, போன் உள்ள ஒருவர் அன்றைக்கு வந்த செய்தியை வகுப்பு வாரியாக எழுதிப் போட வேண்டும். செலவு ஒரு பலகையும் வெண்கட்டியும். இத்தனை வருடம் உத்தியோகம் பார்த்த எனக்கு இது தோணவில்லை.

பலகைக்குத் தச்சரிடம் சொல்லிவிட்டேன். பிள்ளை மடுவத்துத் திண்ணையில், மழை படாத பக்கம் மாட்டுவோம். பின்னேரம் ஐந்து மணிக்கு எழுதினால், பீலிக்குத் தண்ணிக்கு வருகிற பிள்ளைகள் பார்த்துக்கொள்ளும். மேல் டிவிஷனில் அவள் கல்லூரிக்குப் போகும் வரைக்கும் தானே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள். கீழ் டிவிஷனுக்குத்தான் ஆள் இல்லை. எழுத்துத் திருத்தமாக இருக்கிறவர்கள், ஆணோ பெண்ணோ, கூட்டம் கலைகிறதுக்குள் என்னிடம் பேர் கொடுங்கள்.