கழுத்தில் நெறி கட்டினால்

கல்வராயன் மலையில் யாருக்காவது கழுத்தில் கட்டி தெரிந்தால், "நெறி கட்டியிருக்கு, தானா அமுங்கிடும்" என்பார்கள். பெரும்பாலும் அமுங்கியும்விடும். வலியே இல்லாமல் அப்படியே நின்றால்? தொண்டைப் புற்றின் அடையாளமாகவும் இருக்கலாம்.

தொண்டைப் புற்றுக்கு நம் பக்கம் புகையிலையும் மதுவும்தான் பெரிய காரணம். ஆனால் பீடியே தொடாதவருக்கும் வருவதுண்டு, எச்.பி.வி. என்ற வைரஸ் அதற்கு ஒரு காரணம். டான்சிலிலும் அடிநாக்கிலும் ஒளிந்திருக்கும் அந்தப் புற்றுக்குக் கழுத்துக் கட்டியே முதல் அடையாளமாக இருக்கலாம். இந்த வைரஸின் ஈ6 புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள், நோய் தெரிவதற்குப் பத்தாண்டுக்கு முன்பே சிலர் ரத்தத்தில் இருந்ததை 2013-இல் ஓர் ஐரோப்பிய ஆய்வு காட்டியது. ஆச்சரியம்தான். ஆனால் நம்மூரில் அந்த ரத்தச் சோதனை இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. சதை எடுத்துப் பார்ப்பதுதான் முடிவு சொல்லும்.

கட்டி மூன்று வாரம் தாண்டினால் மலையை விட்டு இறங்கி, கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள்.