ஃபிர்அவ்னின் உடலும் அறிவியலின் சாட்சியமும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி, இஷா தொழுகைக்குப் பின் நமது பள்ளிவாசலில் நிகழ்த்தப்பட்ட பயானின் எழுத்து வடிவம்)

நஹ்மதுஹூ வநுஸல்லீ அலா ரஸூலிஹில் கரீம்.

 

மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை நாம் சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். கடல் பிளந்ததும், பனூ இஸ்ராயீல் கரையேறியதும், ஃபிர்அவ்ன் தன் படையோடு மூழ்கியதும் நாம் அறிந்தவையே. மூழ்கிய அவனுடைய உடலைத் தனக்குப் பின்வருவோருக்கு ஓர் அத்தாட்சியாக அல்லாஹ் காப்பாற்றுவதாகத் திருமறையின் யூனுஸ் அத்தியாயம் 92ஆம் வசனம் அறிவிக்கிறது. இந்த வசனத்தைக் கேட்டவுடன், "அந்த உடல் இப்போது எங்கே இருக்கிறது?" என்ற வினா எழுவது இயல்பே. அதற்கு விடையாக நம்மிடையே பல படங்களும் செய்திகளும் உலவுகின்றன. அவற்றுள் எது உறுதியானது, எது உறுதியற்றது என்பதை நிதானமாகப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

பாடம் செய்யப்பட்ட உடலுக்கு 'மம்மி' என்று பெயர். இது 'மூமியா' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. நிலக்கீலைக் குறிக்கும் சொல் அது. பண்டைய எகிப்தியர் இறந்தவரின் மூளையை மூக்கின் வழியாக வெளியேற்றுவர். குடல் முதலிய உறுப்புகளை அகற்றுவர். இதயத்தை மட்டும் உடலிலேயே விட்டு வைப்பர். பின்னர் 'நேட்ரான்' என்னும் இயற்கை உப்பில் உடலைப் புதைத்து ஈரத்தை முற்றிலும் உறிஞ்சச் செய்து, எண்ணெயும் பிசினும் பூசித் துணியால் சுற்றுவர். இப்பணி முழுவதற்கும் ஏறத்தாழ 70 நாட்கள் ஆயின.

அன்பார்ந்தவர்களே! அரசர்களின் உடல்கள் அவரவர் கல்லறையிலேயே கிடைத்திருந்தால் அடையாளம் காண்பது எளிதாக இருந்திருக்கும். ஆனால், கல்லறைக் கொள்ளையர்களுக்கு அஞ்சிய பிற்காலப் பூசாரிகள் அரச உடல்களை வெளியே எடுத்து, புதிய துணி சுற்றி, மையினால் பெயரெழுதி, மறைவிடங்களில் குவித்து வைத்தனர். அத்தகைய மறைவிடம் ஒன்று 1881இல் தெய்ர் அல்பஹ்ரியில் வெளிப்பட்டது. மற்றொன்றை 1898இல் இரண்டாம் அமென்ஹோதெப்பின் கல்லறையில் விக்டர் லோரே கண்டார். அங்கே ஓர் உடல், செத்நக்த் என்ற அரசனின் பெயர் பொறித்த பெட்டியில் கிடந்தது. துணியிலிருந்த எழுத்தை லோரே முதலில் அக்நாத்தன் என்று படித்தார். அது மெர்னெப்தா என்பது பின்னரே தெளிவாயிற்று. பெட்டி ஒருவருடையது, உடல் மற்றொருவருடையது, படித்த பெயரோ மூன்றாமவருடையது! பெயர்ச்சீட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே போதிய சான்று.

இங்கேதான் அறிவியல் துணைக்கு வருகிறது. 1903இல் ஹோவர்ட் கார்ட்டர் ஒரு சிறு கல்லறையில் பெயரற்ற பெண் உடலொன்றைக் கண்டார். தெய்ர் அல்பஹ்ரியில் கிடைத்த, அரசி ஹத்ஷெப்சூத்தின் பெயர் பொறித்த மரப்பெட்டியை சி.டி. ஸ்கேன் செய்தபோது, உள்ளே ஒரு பல் இருந்தது. அந்தப் பல், பெயரற்ற பெண்ணின் தாடையிலிருந்த வெற்றிடத்தோடு பொருந்துவதாக 2007இல் அறிவிக்கப்பட்டது. இம்முடிவை ஏற்காத அறிஞர்களும் உண்டு. 2010இல் துதன்காமூன் உள்ளிட்ட அரச உடல்களின் மரபணுக்கள் ஒப்பிடப்பட்டு, அவனுடைய தந்தையும் தாயும் இன்னின்ன உடல்கள் என்று கூறப்பட்டது. 2012இல் மூன்றாம் ரம்சேஸை ஸ்கேன் செய்தபோது, கழுத்துத் துணிக்கு அடியில் ஆழமான வெட்டுக் காயம் காணப்பட்டது. மூவாயிரம் ஆண்டுகள் மறைந்திருந்த கொலை வெளிப்பட்டது!

ஆனால் ஒன்றை நாம் நினைவில் கொள்ள வேண்டும். மரபணு உறவைச் சொல்லும், பெயரைச் சொல்லாது. கார்பன் காலக்கணிப்பு தோராயமான காலத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. ஸ்கேன் காயத்தைக் காட்டும். அந்த மனிதர் எந்த நபியை எதிர்த்தார் என்பதைக் காட்டாது.

இனி நம் வினாவுக்கு வருவோம். ஃபிர்அவ்ன் என்பது எகிப்திய அரசர்களின் பட்டம். மூஸா (அலை) அவர்களை எதிர்த்தவனின் இயற்பெயரைத் திருமறை கூறவில்லை. பலர் இரண்டாம் ரம்சேஸைக் குறிப்பிடுகின்றனர். அவருடைய உடல் பூஞ்சையால் பாதிக்கப்பட்டதால் 1976இல் பாரிஸுக்குக் கொண்டு செல்லப்பட்டு, ஆராயப்பட்டு, 1977இல் திரும்பியது. அவர் ஏறத்தாழ 90 வயது வாழ்ந்து, மூட்டு நோயாலும் பல் சீழாலும் துன்புற்ற முதியவர். அவருடைய மூக்கில் மிளகு மணிகள் இருந்தன. அம்மிளகின் தாயகம் நமது தென்னிந்திய மலைகளே என்பது வியப்புக்குரியது. ஆனால், அவர் நீரில் மூழ்கி இறந்தார் என்பதற்கு அந்த ஆய்வு சான்று எதையும் தரவில்லை.

பிரெஞ்சு மருத்துவர் மாரிஸ் புகைல் 1976இல் வெளியிட்ட நூலில், மூழ்கியவன் ரம்சேஸ் அல்லன், அவருடைய மகன் மெர்னெப்தாவே என்று வாதிட்டார். இது மதிக்கத்தக்க ஒரு கருத்து. ஆனால் கருத்துதான், முடிந்த முடிவன்று. மெர்னெப்தாவின் உடலில் உப்புப் படிந்திருந்ததைக் கடலில் மூழ்கியதற்கு அடையாளமாகச் சிலர் காட்டுகின்றனர். பாடம் செய்யப்பட்ட ஒவ்வோர் உடலும் உப்பில் கிடந்ததுதான் என்பதைச் சற்று முன் பார்த்தோம். மேலும், 1896இல் கண்டெடுக்கப்பட்ட மெர்னெப்தாவின் கல்வெட்டு, அவர் ஆட்சிக் காலத்திலேயே இஸ்ராயீல் என்ற மக்கள் கன்ஆன் பகுதியில் இருந்ததைக் குறிப்பிடுகிறது. இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு படம் நம்மிடையே பெரிதும் பரவியுள்ளது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் முழங்கால் மடக்கி ஒருக்களித்துக் கிடக்கும் உடல் அது. ஸஜ்தா நிலையில் இறந்த ஃபிர்அவ்ன் என்று அதைச் சொல்வோர் உண்டு. உண்மையில், நைல் நதிக்கரையிலுள்ள ஜெபலைன் என்னும் ஊரின் மணற்குழியில் கிடைத்த உடல் அது. பாடம் செய்யப்படாமல் சுடுமணலில் தானே உலர்ந்தது. எகிப்தில் முதல் அரச வம்சம் தோன்றுவதற்கும் முற்பட்டது. 5000 ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. 2012இல் ஸ்கேன் செய்தபோது, இடது தோளுக்குக் கீழே முதுகில் குத்தப்பட்டு இறந்த ஓர் இளைஞன் என்பது தெரிந்தது. அவன் அரசனுமல்லன், மூழ்கியவனுமல்லன்.

"ஹஜ்ரத், நல்ல நோக்கத்தோடுதானே சொல்கிறார்கள்?" என்று கேட்கலாம். செய்தியைத் தீர விசாரிக்க வேண்டும் என்பது ஹுஜுராத் அத்தியாயத்தின் கட்டளை. கேட்டதையெல்லாம் சொல்வதே ஒருவரைப் பொய்யராக்கப் போதுமானது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் எச்சரிக்கை. நல்ல நோக்கம் இவ்விரண்டையும் தளர்த்துவதில்லை. நாளை நம் மஹல்லாவின் பிள்ளை கல்லூரி நூலகத்தில் உண்மையைப் படிப்பான். அப்போது அவன் சந்தேகிப்பது படத்தை மட்டுமா? படத்தைக் காட்டிய மிம்பரையும் சந்தேகிப்பான். அதன்பின் அங்கிருந்து சொல்லப்படும் மற்றவற்றையும் சந்தேகிப்பான். சத்தியத்திற்குப் பொய்யான முட்டுக்கட்டை தேவையில்லை.

அவ்வசனத்தின் உண்மை எந்த அருங்காட்சியகத்தையும் நம்பி நிற்கவில்லை. ஃபிர்அவ்ன் இறந்ததை பனூ இஸ்ராயீலில் சிலர் ஐயுற்றபோது, கடல் அவன் உடலை மேட்டில் ஒதுக்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) உள்ளிட்டோரின் விளக்கத்தை இப்னு கஸீர் (ரஹ்) தம் தஃப்ஸீரில் பதிவு செய்துள்ளார்கள். கண்ணால் கண்ட அம்மக்களுக்கு அன்றே அத்தாட்சி நிறைவேறியது. இன்றைய உடல்களில் அவனும் ஒருவனாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அல்லாஹு அஃலம் என்று சொல்லி நிறுத்துவது அறிவின் குறையன்று, அறிவின் ஒழுக்கம்.

2021 ஏப்ரல் 3 அன்று 22 அரச உடல்கள் கெய்ரோவின் பழைய அருங்காட்சியகத்திலிருந்து ஊர்வலமாக ஃபுஸ்தாத்திலுள்ள புதிய அருங்காட்சியகத்திற்குக் கொண்டு செல்லப்பட்டன. அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் நிறுவிய நகரம் அது. உலகை நடுங்க வைத்த அரசர்கள், தம் பெயரைத் தாமே சொல்ல இயலாமல், ஒரு பல்லையும் ஒரு துணிச்சீட்டையும் நம்பிக் கிடக்கின்றனர். நமக்கோ வெள்ளைக் கஃபனும் ஒரு குழி மண்ணும் போதும். நம் பெயரையும் செயலையும் அறிந்தவன் எந்தச் சீட்டையும் பார்த்து நம்மை எழுப்பப் போவதில்லை. யார் அந்த ஃபிர்அவ்ன் என்று தேடும் நாம், அவனுடைய ஆணவம் நம் வீட்டிலும் வியாபாரத்திலும் ஜமாஅத்திலும் இருக்கிறதா என்று தேடுவதே முதற்கடமை.

அறிந்ததை உண்மையாகச் சொல்லவும், அறியாததில் நாவைக் காக்கவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.