நூறு நாளும் ஒரு நாளும்

துக்கம் விசாரிக்க வருகிறவரைத் தமிழர் யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் பேச்சுக்கு அழைத்தபோது வராதவர் துக்கத்துக்கு மட்டும் கேமராக்களோடு வந்தால், கேள்வி எழத்தான் செய்யும். தூத்துக்குடியில் அது எழுந்தது. 2018 பிப்ரவரியில் குமரெட்டியாபுரம் மக்கள் ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையின் விரிவாக்கத்தை எதிர்த்து ஊரில் மர நிழலில் உட்கார்ந்தார்கள். அது திடீர்க் கோபம் அல்ல. 1996-லேயே இந்தக் கடற்கரையின் மீனவர்கள் படகுகளைத் திரட்டிக்கொண்டு போய், ஆலைக்குத் தாது கொண்டுவந்த கப்பலை மறித்தவர்கள். கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்: முத்துக்குளித்தும் சங்கு குளித்தும் தலைமுறை தலைமுறையாகக் கடலை அறிந்தவர்கள், பெரிய சரக்குக் கப்பலுக்கு எதிரே தங்கள் படகுகளை நிறுத்துகிறார்கள். கடல் கெட்டால் தங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவைக் கேட்டுக்கொள்ள அரசுக்கு 22 ஆண்டு அவகாசம் இருந்தது.

2018-இல் நூறு நாள் போராட்டம் நடந்தும் முதலமைச்சர் அந்த மர நிழலுக்கு வரவில்லை. நூறாவது நாளான மே 22 அன்று ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி மக்கள் ஊர்வலமாகப் போனார்கள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் மருத்துவமனைக்கு வருகைகள் வரிசை கட்டின. மே 28 அன்று துணை முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் காயமடைந்தவர்களைப் பார்த்தார். அதே நாளில் ஆலையை நிரந்தரமாக மூட அரசாணை வந்தது. என் வாதம் முழுவதும் இந்த ஒரு தேதியில் இருக்கிறது. ஒரே நாளில் போட முடிந்த ஆணைக்கு அத்தனை உயிர் ஏன் போக வேண்டும்? இரண்டு நாள் கழித்து, அரசியலுக்கு வருவதாக அறிவித்திருந்த ரஜினிகாந்த் வந்தபோது, படுக்கையில் இருந்த இளைஞர் ஒருவர் அவரைப் பார்த்து யார் நீங்கள் என்று கேட்டார். நாடே அந்தக் காட்சியைப் பார்த்தது.

எல்லாப் போராட்டத்துக்கும் முதல்வரே போக முடியுமா என்பீர்கள். வேண்டாம், முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஓர் அமைச்சர் போதும். ஏப்ரலிலேயே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்ததே என்றும் சொல்லலாம். உண்மைதான், ஆனால் மேல்முறையீட்டுக்கு வழி திறந்திருந்த நிலையில், நிரந்தரமாக மூடுவோம் என்ற உறுதியைத்தான் மக்கள் கேட்டார்கள். படம் வந்தால்தானே ஊருக்குத் தெரியும் என்பது மூன்றாவது வாதம். கமல்ஹாசன் ஏப்ரலிலேயே குமரெட்டியாபுரம் போனார். படமும் வந்தது, செய்தியும் பரவியது. பதில் சொல்லும் அதிகாரம் உள்ளவர்களை மட்டும் அது அசைக்கவில்லை. கனடாவிலும் இதே கதைதான். 2021-இல் பூர்வகுடிக் குழந்தைகளின் பழைய உறைவிடப் பள்ளி அருகே கண்டறியப்பட்ட புதைகுழிகளில் மண்டியிட்டுப் படத்தில் இடம்பெற்ற அன்றைய பிரதமர் ட்ரூடோ, அவர்களுக்கான முதல் தேசிய நினைவு நாளில் பூர்வகுடிச் சமூகம் விடுத்த அழைப்பை விட்டுவிட்டு விடுமுறைக்குப் போனார். பிறகு மன்னிப்புக் கேட்டார்.

நேரம் முடிகிறது. தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டைத் தொலைக்காட்சியில் பார்த்தே அறிந்தேன் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சொன்னதை, அந்தச் சம்பவத்தை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் ஏற்கவில்லை. ஆகவே நேயர்களே, அடுத்த முறை ஒரு தலைவரின் ஆறுதல் படத்தைப் பார்க்கும்போது, அதற்கு முந்தைய நூறு நாள் அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வரும்போதும் அதையே கேளுங்கள்.