ஒலியை மிஞ்சும் ஓட்டத்தில் ஒரு மெல்லிய படலம்

விமானத்தின் இறக்கை மீட்டர் கணக்கில் நீளமும் அகலமும் உடையது. அதன் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்றுப் படலத்தின் தடிமனோ பெரும்பாலும் மில்லிமீட்டர் கணக்கில் அடங்கிவிடும். ஆயினும், ஒலியை மிஞ்சும் வேகத்தில் செல்லும் விமானத்தின் பாதுகாப்பும் எஞ்சினின் இயக்கமும் அந்த மெல்லிய படலத்தின் போக்கைப் பெரிதும் சார்ந்துள்ளன. இதன் காரணத்தை மாணவர்கள் மட்டுமன்றி, ஆய்வுத் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கும் அலுவலர்களும் அறிந்துகொள்வது நலம்.

இரு நிகழ்வுகள்

1887-ஆம் ஆண்டில் ஆஸ்திரிய விஞ்ஞானி எர்ன்ஸ்ட் மாக், பீட்டர் சால்ஷருடன் இணைந்து, பாயும் துப்பாக்கிக் குண்டின் முன் எழும் அதிர்ச்சி அலையைக் காட்டும் நிழற்படங்களை வெளியிட்டார். பொருளொன்று ஒலியைவிட விரைந்து செல்லும்போது, அது வருவதை முன்னுள்ள காற்று முன்கூட்டி உணர வழியில்லை. எனவே காற்று திடீரென வழிவிட நேர்கிறது. அழுத்தம், வெப்பம், அடர்த்தி ஆகிய மூன்றும் ஒரே தாவலில் உயர்கின்றன. அந்தத் தாவலே அதிர்ச்சி அலை. தரைமட்டக் காற்றில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

1904-ஆம் ஆண்டில் ஹைடல்பர்க் நகரில் கூடிய கணித மாநாட்டில் ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பிராண்டல் மற்றொரு கருத்தை முன்வைத்தார். காற்றுக்குப் பாகுத்தன்மை உண்டு. அதனால் பரப்பைத் தொடும் காற்று அங்கேயே ஒட்டி நிற்கிறது. பரப்பிலிருந்து விலக விலக வேகம் கூடி, சிறிது தூரத்தில் முழு வேகத்தை அடைகிறது. இடைப்பட்ட இப்பகுதிக்கு எல்லைப் படலம் என்று பெயர்.

இரண்டும் சந்திக்கும் இடம்

அதிர்ச்சி அலை ஒரு சுவரில் வந்து விழும்போது எல்லைப் படலத்தைச் சந்திக்கிறது. வெளியே காற்று ஒலியை மிஞ்சி ஓடினாலும், சுவரை ஒட்டிய இழையில் வேகம் ஒலியினும் குறைவு. ஆகவே, வெளி ஓட்டத்தில் எதிர்த்திசையில் செல்ல முடியாத அழுத்த மாற்றம், இந்த இழையின் வழியே முன்னேறிச் செல்கிறது. கோட்டை வாயில் அடைபட்டிருக்க, மதிலடியில் ஒரு சுருங்கை திறந்திருப்பது போன்றது இது. அலை விழும் இடத்துக்கு முன்பே படலம் தடிக்கத் தொடங்குகிறது.

அலை வலிமையுடையதாயின், சுவரோரக் காற்று உயர்ந்த அழுத்தத்தை எதிர்த்துச் செல்ல வலுவின்றித் திரும்பி ஓடுகிறது. படலம் சுவரைவிட்டுப் பிரிகிறது. பிரிந்த இடத்தில் ஒரு புதிய அலையும், மீண்டும் ஒட்டும் இடத்தில் மற்றோர் அலையும் எழுகின்றன. மீண்டும் ஒட்டும் இடத்தில்தான் வெப்பத் தாக்குதல் கடுமையாகிறது. இவ்வமைப்பு நிலையாக நிற்பதுமில்லை. முன்னும் பின்னும் ஊசலாடி, உலோகத் தகட்டைக் களைப்புறச் செய்கிறது.

படலம் சீரோட்டமாக இருந்தால் எளிதில் பிரிந்துவிடும். கொந்தளிப்போட்டமாக இருந்தால் வெளியிலிருந்து வலுப்பெற்று ஓரளவு தாக்குப்பிடிக்கும். அமெரிக்காவில் கால்டெக் நிறுவனத்தில் ஹான்ஸ் லீப்மன், அனடால் ரோஷ்கோ ஆகியோருடன் இவ்வேறுபாட்டைச் சோதனை வழியே ஆராய்ந்தவர் ஓர் இந்திய இளைஞர். அவர் பெயர் சதீஷ் தவான். அதிர்ச்சி அலையின் தாக்கம் சீரோட்டப் படலத்தில் முன்னோக்கிப் பன்மடங்கு தூரம் பரவுகிறது என்பதை அவர்களின் அளவீடுகள் காட்டின.

கவனியாமையின் விலை

1967 அக்டோபர் 3 அன்று அமெரிக்காவின் எக்ஸ்-15 விமானம், வில்லியம் நைட் செலுத்த, மாக் எண் 6.7 என்னும் வேகத்தை எட்டியது. அதன் வால் பகுதியின் அடியில் ஒரு போலி எஞ்சின் மாதிரி பொருத்தப்பட்டிருந்தது. மாதிரியிலிருந்து எழுந்த அதிர்ச்சி அலைகள் அதைத் தாங்கிய தண்டின்மீது விழுந்தன. விழுந்த இடங்களில் வெப்பம் உலோகத்தைத் துளைத்தது. மாதிரி கழன்று வீழ்ந்தது. விமானி பத்திரமாகத் தரையிறங்கினார். ஆனால் அந்த விமானம் மீண்டும் பறக்கவில்லை.

எஞ்சினின் காற்று நுழைவாயிலிலும் இதே இடர் உண்டு. அங்கு அதிர்ச்சி அலைகளைக் கொண்டே காற்றின் வேகத்தைத் தணிக்க வேண்டும். படலம் பிரிந்தால் எஞ்சினுக்குச் சீரான காற்று கிட்டாது. 1976 முதல் 2003 வரை பயணிகளை ஏற்றிச் சென்ற கான்கார்டு விமானத்தின் நுழைவாயிலில், சோர்ந்த காற்றை ஓர் இடைவெளி வழியே உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாடு இருந்தது. சிறு தகடுகளால் சுழல்களை எழுப்பிப் படலத்துக்கு வலுவூட்டுவது மற்றொரு வழி.

இந்தியாவின் பாதை

1951-இல் நாடு திரும்பிய தவான், பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்து, ஒலிமிகு வேகக் காற்றுச் சுரங்கத்தை அமைத்தார். 1967-இல் அதே நகரில் தேசிய விமானவியல் ஆய்வுக்கூடத்தின் 1.2 மீட்டர் காற்றுச் சுரங்கம் இயங்கத் தொடங்கியது. விமானங்கள், ராக்கெட்டுகள் ஆகியவற்றின் மாதிரிகள் அங்கு சோதிக்கப்பட்டு வந்துள்ளன.

2016 ஆகஸ்ட் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ராக்கெட்டில் இரு ஸ்கிராம்ஜெட் எஞ்சின்கள் சுமார் 5 விநாடி எரிந்தன. 2020 செப்டம்பர் 7 அன்று ஒடிசா கடலோரத்திலிருந்து சென்ற சோதனை ஊர்தியில் அத்தகைய எஞ்சின் 20 விநாடிக்கு மேல் இயங்கியது. இவ்வகை எஞ்சினுள் காற்று ஒலியை மிஞ்சும் வேகத்திலேயே எரிபொருளுடன் கலந்து எரிகிறது. எரிதலால் உயரும் அழுத்தம் படலத்தின் வழியே முன்னேறி நுழைவாயிலை எட்டிவிடாமல் காப்பதே வடிவமைப்பாளரின் தலையாய கவலை.

கணிப்பொறிகள் பெருகிவிட்ட இன்றும், பிரிதல் எங்குத் தொடங்கும், வெப்பம் எவ்வளவு உயரும் என்பவற்றைக் கணக்கு மட்டுமே துல்லியமாகச் சொல்லிவிடுவதில்லை. சுரங்கத்தில் அளந்து சரிபார்க்க வேண்டியுள்ளது. சில விநாடி எரிந்த எஞ்சின்களுக்குப் பின்னால் அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பொறுமையான அளவீடு இருக்கிறது. சிறியதெனத் தோன்றும் அடிப்படை ஆய்வை ஒரு நாடு கைவிட்டால், அதன் இழப்பு பல ஆண்டுகள் கழித்து, பறக்க வேண்டிய நேரத்தில்தான் தெரியவரும்.