ஒரு சொல்லின் விலை

1970-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மாணவர் சிலர் 'கேங் ஆஃப் ஃபோர்' என்னும் இசைக்குழுவைத் தொடங்கினர். கால்களை ஆடவைக்கும் தாளம். வெட்டி வெட்டி ஒலிக்கும் கிதார். பாட்டின் பொருளோ, நம் ஓய்வையும் காதலையுங்கூட வாணிபம் விலைச்சரக்காக்கிவிட்டதே என்னும் கேள்வி.

1979-ஆம் ஆண்டில் பி.பி.சி. தொலைக்காட்சியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சிக்கு அவர்களை அழைத்தார்கள். பாட்டில் கருத்தடை உறையைக் குறிக்கும் சொல் ஒன்று இருந்தது. அதனை மாற்றும்படி நிலையத்தார் கேட்டனர். 'பொட்டலங்கள்' என மாற்றக் குழுவினர் இசைந்தனர். 'குப்பை' என்றே பாடவேண்டும் என்றனர் நிலையத்தார். குழுவினர் பாடாமலே வெளியேறினர். நாடெங்கும் அறிமுகமாகும் வாய்ப்பு நழுவிற்று.

ஒரு சொல்லுக்காக இத்துணைப் பிடிவாதமா என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். கேட்டபோதெல்லாம் சொற்களை மாற்றிக் கொடுத்துப் பழகியவன் நான். பின்னர் ஒன்று விளங்கிற்று. பொட்டலம் என்றால் அதனை விற்பவன் ஒருவன் உண்டு. குப்பைக்கு எவனும் பொறுப்பில்லை. அச்சொல்லை ஏற்றிருந்தால் பாட்டின் கேள்வியே மறைந்திருக்கும். எதுவரை வளையலாம் என்பதனை அவர்கள் அறிந்திருந்தார்கள். நான் மாற்றிக் கொடுத்த சொற்களை இப்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன்.